நிறுத்தப்பட்ட எக்கோஸ்போர்ட்: வாங்கலாம், ஆனால் அந்த மூன்று மாதங்களை விசாரியுங்கள்

கேள்வி: நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியன் நான். பள்ளிக்கு இருசக்கர வாகனத்தில் போய்வருகிறேன். அப்பாவை மாதம் இரண்டு மூன்று முறை தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் இப்போது கார் தேவைப்படுகிறது. மூட்டு வலியால் தாழ்வான காரில் ஏறி இறங்க அவர் சிரமப்படுகிறார். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர்ச் சாலையில் வாய்க்கால் நீர் ஏறும். கும்பகோணத்துப் புரோக்கர் ஒருவர் இரண்டு ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வண்டிகளைக் காட்டினார். ஒன்று, 2018 ஜூனில் சோழிங்கநல்லூரில் பதிவான டீசல் வண்டி, மேனுவல் கியர், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 2024 மார்ச்சில் கும்பகோணத்துக்காரர் ஒருவர் பெயருக்கு மாறியிருக்கிறது. 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். மற்றொன்று, 2015-ல் காரைக்காலில் பதிவான பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 58,000 கிலோமீட்டர், 3 லட்சத்து 60 ஆயிரம். கம்பெனியே மூடிவிட்டுப் போன வண்டியை வாங்காதே என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். ஃபோர்டு திரும்பி வருகிறது, விலை ஏறப்போகிறது, வெள்ளிக்கிழமைக்குள் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுங்கள் என்று புரோக்கர் நெருக்குகிறார். என்ன செய்யலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

காரைக்கால் வண்டியை விட்டுவிடுங்கள். டீசல் வண்டியை வாங்கலாம். ஆனால் 2023 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை அது எங்கே, எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வாங்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் உறவினர்களின் பயம். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. சென்னைக்கு அருகே இருக்கும் அதன் மறைமலைநகர் ஆலையில் 2022-இல் வேலை முடிந்தது. சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்று அப்போதே நிறுவனம் சொன்னது. ஆனால் நான் நம்புவது அந்த வாக்குறுதியை அல்ல, வண்டிகளின் எண்ணிக்கையை. 2013-இல் வந்த எக்கோஸ்போர்ட் நம் நாட்டில் ஏராளமாக விற்றது. மறைமலைநகரிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கூடக் கப்பலேறியது. பிரேசிலிலும் ருமேனியாவிலும் இதே வண்டியைத் தயாரித்தார்கள். அதைவிட நமக்கு முக்கியம், நீங்கள் பார்த்திருக்கும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் ஃபிகோவிலும் ஆஸ்பயரிலும் ஃப்ரீஸ்டைலிலும் இருந்ததுதான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பட்டறைகளில் இந்த எஞ்சினைத் திறந்து பார்த்த கைகள் இருக்கின்றன. ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், பேரிங் போன்ற தேய்ந்து மாற்றுகிற பொருள்களை வெளி நிறுவனங்களும் செய்கின்றன. இவற்றுக்காக நீங்கள் தவிக்க மாட்டீர்கள்.

தவிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஹெட்லைட், பம்பர், கதவுத் தகடு, கண்ணாடி, மின்னணுப் பெட்டிகள், வயரிங் கட்டு ஆகியவை அந்த ஒரு வண்டிக்கே உரியவை. ஹெட்லைட் உடைந்தால் மாருதிக்குக் கிடைப்பதுபோல் மறுநாள் கிடைக்காது. சில வாரம் காத்திருக்க நேரலாம். சென்னையில் உடைத்து விற்கும் பழைய வண்டியிலிருந்து எடுக்கவும் நேரலாம். எனவே இத்தகைய வண்டியை வாங்கும்போது எஞ்சினைவிட உடலையும் வயரையும் கூர்ந்து பார்க்க வேண்டும். எஞ்சினில் இருக்கும் சில்லறைக் குறையைச் சரிசெய்துவிடலாம். நொறுங்கிய விளக்கு, களிம்பேறிய வயர், நீர் புகுந்த கன்ட்ரோல் யூனிட் என்று வந்தால் வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும். உங்கள் அப்பாவின் மருத்துவமனைத் தேதி அதற்காகக் காத்திருக்காது.

இனி அந்த டீசல் வண்டிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய விவரங்களில் என் கண்ணில் முதலில் பட்டது கிலோமீட்டரோ விலையோ அல்ல, இரண்டு தேதிகள். வண்டி சோழிங்கநல்லூரில் பதிவானது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வட்டாரத்தில் வீட்டு வாசலில் நின்ற கார்கள் நீருக்குள் போயின. அந்த வண்டி 2024 மார்ச்சில் கும்பகோணத்துக்குக் கைமாறியிருக்கிறது. ஐந்தே முக்கால் ஆண்டு ஒருவரிடமே இருந்த வண்டி வெள்ளம் வடிந்த மூன்றாம் மாதத்தில் ஊரைவிட்டு ஏன் கிளம்பியது? வேலை மாற்றலாக இருக்கலாம், புது வண்டி வாங்கியிருக்கலாம். முதல் உரிமையாளரைக் குற்றம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் சென்னையில் தண்ணீர் குடித்த வண்டிகள், கழுவித் துடைக்கப்பட்டு வெளி மாவட்டங்களுக்கு விற்பனைக்கு வருவது 2015 வெள்ளத்துக்குப் பிறகும் நடந்ததுதான். கேட்காமல் வாங்கக் கூடாது.

கேட்க வேண்டியது காப்பீட்டுத் தாளை. இப்போதைய உரிமையாளரின் பாலிசி போதாது. முதல் உரிமையாளரின் கடைசிப் பாலிசியையும் அதற்கு முந்தையதையும் கேளுங்கள். விபத்து இழப்பீடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். இழப்பீடு வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யமாகிவிடும். இந்தத் தள்ளுபடி வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கு உரியது. கைமாறும்போது புதியவர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார். அதனால்தான் இரண்டாம் உரிமையாளரின் தாளில் 'கிளெய்ம் இல்லை' என்று இருப்பதைப் புரோக்கர் காட்டினாலும் அது உங்களுக்கு எதையும் நிரூபிக்காது. ஃபோர்டு சர்வீஸ் மையத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய வேலைப் பதிவுகளையும் கேட்டுப் பாருங்கள். 2023 டிசம்பரிலோ 2024 ஜனவரியிலோ பெரிய பில் இருந்தால் அது என்ன என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிவு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் எழுதப்பட்ட கிலோமீட்டர் படிப்படியாக ஏறி 92,000-க்கு வருகிறதா, நடுவில் குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தாள் கிடைக்காவிட்டாலும் வண்டி சொல்லும். வழக்கமாக டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில்தான் வண்டல் தேடுவார்கள். இந்த வண்டியில் ஸ்டெப்னி பின்கதவில் வெளியே தொங்குகிறது. அந்தக் குழி கிடையாது. ஆகவே வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். முன் இருக்கை பெல்ட்டை முழுவதுமாக, கடைசி முழம் வரை வெளியே இழுங்கள். சுருளுக்குள் எப்போதும் ஒளிந்திருக்கும் அந்தப் பகுதியில் நீர்க்கறைக் கோடு தெரிந்தால் இருக்கை உயரம் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். நான்கில் இரண்டு மட்டும் புதிதாகப் பளபளத்தால் யாரோ இருக்கையைக் கழற்றித் தரைவிரிப்பைக் காயவைத்திருக்கிறார்கள். பிறகு இடப்பக்க முன் இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டில் இருக்கும் பெட்டியை இறக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால்தான் உள் ஃப்யூஸ் பெட்டி இருக்கிறது. கதவுப் பூட்டு, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் ஆளும் மின்னணுவும் அங்கேயே இருக்கிறது. இணைப்பானைக் கழற்றி டார்ச் அடித்தால் முள்கள் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு தெரிந்தால் பேச்சே வேண்டாம், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். களிம்பு இன்று ஒரு ஜன்னலை நிறுத்தும், ஆறு மாதத்தில் பூட்டை, அடுத்த மழைக்காலத்தில் எஞ்சினையே. எந்த எலக்ட்ரீஷியனாலும் அதை முற்றிலும் துடைக்க முடியாது.

சென்னை வெள்ளம் இல்லை என்று உறுதியானாலும் நம் ஊர் செய்வது மிச்சம் இருக்கிறது. கும்பகோணத்துக்காரர் என்ன தொழில் செய்கிறார், வண்டி எங்கெல்லாம் போய்வந்தது என்று விசாரியுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணைக்கு ஓடிய வண்டிகளின் பின்தளத்தில் உப்புநீர் சொட்டி, விரிப்புக்கு அடியில் தகடு அரித்திருக்கும். கடற்கரையில் நின்ற வண்டியில் பிரேக் எண்ணெய்க் குழாய், சைலன்சர் கிளாம்ப், ஏசி கண்டென்சரின் கீழ்விளிம்பு ஆகியவை முதலில் போகும். கீழே குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்ப்பது போதாது. லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய கதிரின் மேல் ஓட்டிய வண்டியில், முன்சக்கர அச்சில் வைக்கோல் இறுகச் சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து அச்சு வெளிவரும் இடத்தில் எண்ணெய் கசிந்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி ஊருக்குள் வரும்; சூடான எஞ்சின் அதற்குப் பிடித்த இடம். டெல்டாவில் பழைய வண்டி பார்க்கும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து முதலில் நான் தேடுவது இன்சுலேஷன் டேப் ஒட்டுகளைத்தான். ஆலையில் சுற்றிய உறை ஒரே சீராக இருக்கும். பட்டறையில் ஒட்டியது வேறு நிறத்தில், வேறு பளபளப்பில் தெரியும். ஒன்றிரண்டு ஒட்டு இருந்தால் குற்றமில்லை. கட்டு முழுக்க ஒட்டுகளாக இருந்தால் வேண்டாம். இந்த வண்டிக்குப் புது வயரிங் கட்டு கிடைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வாங்கிய பிறகு உங்கள் வீட்டிலும் இதே கவலை உண்டு. நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் காரை நிறுத்தாதீர்கள்.

எஞ்சினில் ஒன்றே ஒன்றைப் பிடிவாதமாகக் கேளுங்கள்: டைமிங் பெல்ட். இந்த டீசலில் இருப்பது சங்கிலி அல்ல, ரப்பர் பெல்ட். ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினின் தலைப்பகுதியே போய்விடும். கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல, ஆண்டுக் கணக்கும் இதற்கு உண்டு. மாற்றியதற்குப் பில் இருந்தால் நம்பலாம். 'மாத்தியாச்சு சார்' என்ற வாய்வார்த்தை மட்டும் இருந்தால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கிய அன்றே வண்டி வீட்டுக்குப் போவதற்கு முன் பட்டறைக்குப் போகட்டும்.

மற்றபடி காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். புரோக்கர் முன்கூட்டியே சூடுபடுத்தி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஸ்கேனர் போட்டுப் பதிவான பிழைகளைப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பை மறைத்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். நான்கு டயரும் எந்த ஆண்டைக் காட்டுகின்றன என்பது 92,000 கிலோமீட்டர் உண்மையா என்பதற்கும் ஒரு சாட்சி.

பின்கதவைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஸ்டெப்னியின் பாரத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்த கீல் தொய்ந்திருந்தால் மூடும்போது கதவைத் தூக்கிவிட வேண்டியிருக்கும். மழைநீரும் உள்ளே வரும். திறக்கும் கைப்பிடி வலப்பக்கப் பின்விளக்கோடு சேர்ந்து ஒளிந்திருக்கிறது, அந்த விளக்கில் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கதவு மேலே போகாமல் பக்கவாட்டில் திறப்பதால் பின்னால் இடம் வேண்டும். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி எடுக்க நேர்ந்தால் மருத்துவமனை வாசலில் இடம் விட்டு நிறுத்துங்கள். அப்பாவையே ஒருமுறை அழைத்துப்போய் முன் இருக்கையில் உட்காரவைத்துப் பார்ப்பது நல்லது. இந்த உயரம் மூட்டு வலிக்காரர்களுக்குப் பொதுவாக ஏற்றது. இறங்கும்போது கால் தரையில் படிகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் தேவைக்கு இதைவிட முக்கியமான சோதனை கிடையாது.

காரைக்கால் வண்டியை ஏன் விடச் சொன்னேன்? 2015 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். மெதுவாக நகரும்போது நடுங்குவது, இழுவை விட்டுப்போவது என்று உலகின் பல நாடுகளில் புகார் வந்த கியர்பாக்ஸ் அது. அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கிளட்ச் தொகுதி மாற்றுவதும் கணினியில் பொருத்தம் செய்வதும் தெரிந்த ஆள் நம் பக்கத்தில் அரிது. நெல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் நம் சாலை அதற்கு ஆகவே ஆகாது. 58,000 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 2017 கடைசியில் வந்த மாற்று வடிவத்தின் ஆட்டோமேட்டிக் வேறு வகை. அது கிடைத்தால் மறுபடி எழுதுங்கள். ஆனால் அதில் வரும் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. குறித்த தரத்தில் ஆயில் மாற்றாதவர் கையில் இருந்த வண்டியானால் பெல்ட் உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். எக்கோஸ்போர்ட்டில் வந்த ஒரு லிட்டர் 'எக்கோபூஸ்ட்' பெட்ரோல் எஞ்சினுக்கும் இதுவே பொருந்தும்.

மேலும் காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. திருநள்ளாறுக்குப் போய்வரும் தூரம்தான் என்றாலும் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் பெற வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழைய எண்ணிலேயே இங்கு வைத்து ஓட்டக் கூடாது. 'எத்தனையோ பேர் பாண்டிச்சேரி எண்ணில் ஓட்டுகிறார்கள்' என்று புரோக்கர் சொல்வார். விபத்து ஒன்று நடந்து காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்போது அந்த எத்தனையோ பேர் வந்து நிற்க மாட்டார்கள். விலை மலிவாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்த வரிதான்.

2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் எக்கோஸ்போர்ட்டை வேறு யாராவது காட்டினால், உங்கள் ஓட்டத்துக்கு அது வேண்டாம். அதிலுள்ள புகைவடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த வகையில் நல்ல தேர்வு. ஆனாலும் டீசலை வாரக்கணக்கில் நிறுத்தியே வைக்காமல் தஞ்சாவூர் வரை ஓடவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர்ச் சாலையில் வாய்க்கால் நீர் ஏறுமென்றும் எழுதியிருந்தீர்கள். இந்த வண்டி 550 மில்லிமீட்டர் நீரில் போகும் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. அது புது வண்டிக்கு, சமதரையில், மெதுவாகப் போனால். ஓரம் எது மதகு எது என்று தெரியாத நம் சாலையில் அந்த எண்ணை நம்பி இறங்காதீர்கள். நீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறியிருந்தால் ஒரே முறுக்கில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இறங்கித் தள்ளுங்கள்.

ஆவணத்தில் ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அதைச் செய்யாதீர்கள், உடனே பதிவு செய்யுங்கள். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விலையைப் பற்றி: ஃபோர்டு திரும்பி வருவதாகப் புரோக்கர் சொல்வது பாதி உண்மை. சென்னை ஆலையை மீண்டும் பயன்படுத்த 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் நிறுவனம் விருப்பக் கடிதம் கொடுத்தது. ஆனால் அது ஏற்றுமதிக்காக. அதனால் உங்கள் எக்கோஸ்போர்ட்டின் விலை ஒரு ரூபாய் ஏறாது. நாளை நீங்கள் விற்கும்போதும் இதே 'கம்பெனி மூடிய வண்டி' என்ற பேச்சு வரும். அந்த இழப்பையும் இன்றே விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வண்டி எல்லாச் சோதனையிலும் தேறினால்கூட 5 லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மிச்சமாகும் நாற்பதாயிரம் பெல்ட்டுக்கும் டயருக்கும் போகட்டும். ஐந்தாறு ஆண்டு வைத்து ஓட்டுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு ஆண்டில் மாற்றும் எண்ணமிருந்தால் இது உங்களுக்கான வண்டி அல்ல.

வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் தர வேண்டாம். பழைய பாலிசி நகலும் லிஃப்ட் சோதனையும் முடிந்த மறுநாள் தருகிறேன் என்று சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்ற மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டால், சோதனைக்கு உங்கள் பட்டறைக்காரரை நீங்களே அழைத்துப் போங்கள், கூலியையும் நீங்களே கொடுங்கள்; புரோக்கர் கொண்டுவரும் மெக்கானிக் வேண்டாம். அட்வான்ஸ் தரும் அன்று, வெள்ளத்தில் மூழ்கியதாகவோ கிலோமீட்டர் திருத்தியதாகவோ பின்னர் தெரிந்தால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்று விற்பவரே கைப்பட எழுதிய ரசீதை, வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணும் குறிப்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.